சாக மறுக்கும் உயிர் அணு!
மார்பகப் புற்று நோய் உடம்பில் பரவுவது எப்படி?

மரத்தில் இலை பழுக்கிறது. காம்பு தளர்கிறது. பெரிய காற்று கூட வேண்டாம். இலை தானாகவே உதிர்ந்து விடுகிறது.

பழுத்த இலை எல்லாம், "நான் உதிர மாட்டேன்" என்று அடம் பிடித்தால் என்ன ஆகும்? புதுத் தளிருக்கு இடம் இருக்காது. கடைசியில் மரமே பட்டுப் போகும்.

மனித உடம்பும் ஒரு மரம்தான். அதிலும் தினமும் இலைகள் உதிர்கின்றன. உதிர மறுக்கும் இலைக்குத்தான் புற்று நோய் என்று பெயர்.

இது என்ன புதிர் என்கிறீர்களா? மேலே படியுங்கள்.

செத்தால்தான் நன்மை!

செங்கல்லை அடுக்கி வீடு கட்டுகிறோம். அதுபோல உயிர் அணுக்களால் கட்டப்பட்டது நம் உடம்பு. உயிர் அணு வெறும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப் என்ற கருவியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு மனிதனின் உடம்பில் ஒரே நாளில் பல ஆயிரம் கோடி அணுக்கள் மடிகின்றன. அதே அளவுக்குப் புது அணுக்கள் பிறக்கின்றன. வரவும் செலவும் சரியாக இருப்பதால் உடம்பும் சரியாக இருக்கிறது.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள், பாறைக் குழிகளில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து இருப்பீர்கள். அதில் தலைப்பிரட்டைகள் நீந்தும். தலைப்பிரட்டைக்கு வால் உண்டு. அது தவளையாக மாறும்போது வால் இருக்காது. அந்த வாலை வெட்டியது யார்? யாரும் இல்லை! வாலில் இருந்த அணுக்கள், தங்கள் வேலை முடிந்தது என்று தாமாகவே செத்துக் கரைந்து விட்டன.

தாயின் வயிற்றில் குழந்தை வளர்கிறது. முதலில் அதன் கை, வாத்தின் கால் போல ஒட்டி இருக்கும். விரல்களுக்கு இடையே உள்ள அணுக்கள் மடிந்த பிறகுதான் ஐந்து விரல்களும் பிரிகின்றன.

இன்னொரு உதாரணமும் உண்டு. குழந்தைக்காகத் தாயின் மார்பகத்தில் பால் சுரக்கும் அணுக்கள் ஏராளமாகப் பெருகுகின்றன. குழந்தை பால் குடிப்பதை நிறுத்தியதும் அந்த அணுக்களுக்கு வேலை இல்லை. அவற்றில் பெரும்பாலானவை அமைதியாக மடிந்து விடுகின்றன. மார்பகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

பெயர் பிறந்த கதை

இப்படி ஒழுங்காக நடக்கும் சாவுக்கு 1972-ம் ஆண்டில் ஒரு பெயர் கிடைத்தது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் கெர், ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் இருந்த அலஸ்டேர் கரி, ஆண்ட்ரூ வைலி ஆகிய மூன்று பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்.

அணுக்கள் இரண்டு விதமாகச் சாகின்றன என்று அதில் சொன்னார்கள். தீக்காயம் பட்டால், அடி பட்டால் அணு வீங்கி வெடிக்கும். அக்கம்பக்கம் எல்லாம் புண்ணாகும். இது விபத்தில் சாவது.

மற்றொன்று வேறு விதம். அணு சுருங்குகிறது. தன் பொருள்களை எல்லாம் சிறு சிறு மூட்டைகளாகக் கட்டுகிறது. பக்கத்து அணுக்கள் அந்த மூட்டைகளை விழுங்கி விடுகின்றன. சீழ் இல்லை. புண் இல்லை. யாருக்கும் தொந்தரவு இல்லை.

இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர்கள் யோசித்தார்கள். அபர்டீனில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மாக் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார். "அப்போப்டோசிஸ்" என்பது அந்தச் சொல். மரத்தில் இருந்து இலை உதிர்வது என்று அதற்கு அர்த்தம்!

பிறகு விஞ்ஞானிகள் ஒரு சின்னப் புழுவை ஆராய்ந்தார்கள். அதன் நீளம் ஒரு மில்லி மீட்டர்தான். அது வளரும்போது 1,090 அணுக்கள் உண்டாகின்றன. அவற்றில் 131 அணுக்கள் தவறாமல் மடிகின்றன. எந்த அணு, எப்போது சாகும் என்பது கூட முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டு இருக்கிறது! இந்த ஆராய்ச்சிகளுக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் 2002-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே ஒரு பஞ்சாயத்து

சரி, ஓர் அணு சாக வேண்டுமா, வாழ வேண்டுமா என்று தீர்ப்புச் சொல்வது யார்?

அணுவுக்கு உள்ளேயே ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. அதில் உட்கார்ந்து இருப்பவை சில புரதங்கள். பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். உடம்புக்குள் அணுக்களே ஆயிரக்கணக்கான புரதங்களைத் தயாரிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

இந்தப் பஞ்சாயத்தில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி, "அணு வாழட்டும்" என்று சொல்லும் காவலர்கள். பி.சி.எல்.-2, பி.சி.எல்.-எக்ஸ்.எல்., எம்.சி.எல்.-1 என்பவை அவற்றின் பெயர்கள். மறு கட்சி, "காலம் முடிந்தது, சாகட்டும்" என்று சொல்லும் தண்டனைக்காரர்கள். பாக்ஸ், பாக் என்பவை அவற்றின் பெயர்கள். பிம் என்று ஒரு தூதனும் உண்டு. "இந்த அணு கெட்டு விட்டது" என்று சேதி கொண்டு வருவது அவன் வேலை.

அணுவுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற சிறு உறுப்புகள் இருக்கின்றன. இவைதான் அணுவின் அடுப்பு. சாப்பாட்டை எரித்துச் சக்தி தருபவை இவையே. சாவுக் கட்சி ஜெயித்தால், பாக்சும் பாக்கும் இந்த அடுப்பில் ஓட்டை போட்டு விடும். ஓட்டை வழியாகக் கசியும் பொருள், கேஸ்பேஸ் என்ற புரதங்களைத் தட்டி எழுப்பும். இந்த கேஸ்பேஸ்கள் கத்திரிக்கோல் மாதிரி. அணுவின் உள்ளே இருப்பதை எல்லாம் நறுக்கித் தள்ளி விடும். கதை முடிந்தது!

காவலர் கட்சி ஜெயித்தால் ஓட்டை விழாது. அணு பிழைத்துக் கொள்ளும்.

தொட்டி ஏன் வழிந்தது?

பி.சி.எல்.-2 புரதத்துக்கு உரிய மரபணு, 1980-களில் ரத்த அணுக்களில் வரும் ஒரு வகைப் புற்று நோயை ஆராய்ந்தபோது அகப்பட்டது. 1988-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் புரதம் அணுக்களை வேகமாகப் பெருக வைக்கவில்லை. சாக விடாமல் தடுத்தது!

அதுவரை, புற்று நோய் என்றால் அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவது என்றுதான் பெரும்பாலும் நினைத்தார்கள்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி நிரம்பி வழிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். மேலே குழாயை அதிகமாகத் திறந்து விட்டு இருக்கலாம். அல்லது கீழே தண்ணீர் போகும் வழி அடைத்துக் கொண்டு இருக்கலாம். புற்று நோயில் இரண்டுமே நடக்கின்றன.

வீடு இழந்தும் சாகாத அணு

மார்பகத்தில் வரும் கட்டி, மார்பகத்தோடு நின்று விட்டால் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்து விடலாம். அது எலும்புக்கும், நுரையீரலுக்கும், ஈரலுக்கும், மூளைக்கும் பரவுவதுதான் உயிருக்கு ஆபத்து. பரவுவதற்கும் மேலே சொன்ன பஞ்சாயத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

உடம்பில் ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வீடு உண்டு. மார்பக அணு மார்பகத்தில்தான் இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து அணுக்களோடும், தன்னைத் தாங்கும் சவ்வோடும் அது ஒட்டிக் கொண்டு இருக்கும். "நான் என் வீட்டில் இருக்கிறேன்" என்ற சேதி அதற்கு ஓயாமல் வந்து கொண்டே இருக்கும்.

அணு அந்த இடத்தை விட்டுப் பெயர்ந்தால் சேதி நின்று விடும். உடனே தூதன் பிம் எழுந்து விடுவான். அணு செத்து விடும். 1994-ம் ஆண்டு அமெரிக்காவில் பிரிஷ், பிரான்சிஸ் என்ற இருவர் இதற்கு "அனோய்கிஸ்" என்று பெயர் வைத்தார்கள். வீடு இழந்த நிலை என்று அர்த்தம்.

இந்தச் சட்டம் இருப்பதால்தான் மார்பக அணு நுரையீரலில் போய்க் குடித்தனம் நடத்துவது இல்லை. ஒவ்வோர் அணுவும் அதன் அதன் இடத்தில் இருக்கிறது.

புற்று நோய் அணு இந்தச் சட்டத்தை மீறுகிறது. பி.சி.எல்.-எக்ஸ்.எல்., எம்.சி.எல்.-1 போன்ற காவலர்களை அது அளவுக்கு மீறித் தயாரித்துக் கொள்கிறது. தூதன் வந்தால் காவலர்கள் அவனைப் பிடித்து அமுக்கி விடுகிறார்கள். அணு வீட்டை விட்டுப் பெயர்ந்தும் சாகாமல் திரிகிறது.

சிற்றாற்றில் மிதக்கும் விதை

குற்றால மலையில் ஒரு மரத்தின் விதை சிற்றாற்றில் விழுகிறது என்று வைத்துக் கொள்வோம். அருவியில் குதித்து, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் அது கலக்கிறது. வழி எல்லாம் விதைகள் போகின்றன. எல்லாம் முளைக்கின்றனவா? பாறையில் மோதிப் போவது பாதி. அழுகிப் போவது மீதி. ஏதோ ஒரு விதை, தனக்கு ஏற்ற ஈர மண்ணில் ஒதுங்கினால் முளை விடுகிறது.

லண்டன் நகர டாக்டர் ஸ்டீபன் பாஜெட், 1889-ம் ஆண்டிலேயே இதைச் சொன்னார். மார்பகப் புற்று நோயால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். நோய் கண்ட கண்ட இடத்தில் பரவவில்லை. சில உறுப்புகளையே தேர்ந்து எடுத்துப் பரவி இருந்தது. "புற்று நோய் அணு விதை, உறுப்பு நிலம், இரண்டும் பொருந்தினால்தான் முளைக்கும்" என்பது அவர் கண்ட முடிவு.

1970-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி பிட்லர், எலிகளின் ரத்தத்தில் தோல் புற்று நோய் அணுக்களைச் செலுத்திப் பார்த்தார். ஒரே நாளில் அவற்றில் மிகப் பெரும்பாலானவை மடிந்து விட்டன. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் பிழைத்துப் புதுக் கட்டியாக வளர்ந்தன.

பார்த்தீர்களா? நம் உடம்பு சும்மா இருப்பது இல்லை. பரவ வரும் அணுக்களில் பெரும்பாலானவற்றை அது கொன்று விடுகிறது. தப்பிப் பிழைக்கும் அந்த ஒன்றுதான் எமன்.

அந்த ஒன்று உடனே வளராமலும் இருக்கலாம். எலும்பின் மூலையில் பல ஆண்டுகள் தூங்கும். பிறகு ஒரு நாள் விழிக்கும். சில பெண்களுக்கு 10, 15 ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்ப வருவது இதனால்தான்.

காவலனே துப்புச் சொல்கிறான்!

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது.

பி.சி.எல்.-2 அணுவைக் காப்பாற்றும் புரதம் என்று பார்த்தோம். அப்படியானால், மார்பகக் கட்டியில் பி.சி.எல்.-2 அதிகமாக இருந்தால் நோய் கடுமையாக இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் ஆராய்ச்சியில் தெரிந்தது நேர் மாறாக இருந்தது. பி.சி.எல்.-2 உள்ள மார்பகக் கட்டிகள் பெரும்பாலும் சாது. அந்த நோயாளிகள் அதிக காலம் நன்றாக இருந்தார்கள்!

காரணம் என்ன? பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மார்பக அணுவில் பி.சி.எல்.-2 உண்டாவது அதன் கட்டளையால். எனவே கட்டியில் பி.சி.எல்.-2 இருந்தால், "இந்த அணு இன்னும் ஹார்மோனின் பேச்சைக் கேட்கிறது" என்று தெரிந்து கொள்ளலாம். ஹார்மோனை மறித்து நிற்கும் மாத்திரை கொடுத்தால் அந்த அணு பட்டினியாகக் கிடக்கும். இந்த வேலையைச் செய்யும் டமாக்சிபென் என்ற மாத்திரை, பரவிய மார்பகப் புற்று நோய்க்காக 1977-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலகம் எங்கும் லட்சக்கணக்கான பெண்களின் உயிரை அது காப்பாற்றி இருக்கிறது.

காவலனையே நேராகத் தாக்கினால் என்ன? அதற்கும் மருந்து வந்து விட்டது. பி.சி.எல்.-2 புரதத்தை முடக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்துக்கு 2016-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு வகை ரத்தப் புற்று நோய்க்கு அது நல்ல பலன் தருகிறது. மார்பகப் புற்று நோயில் அதைச் சோதித்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எம்.சி.எல்.-1 புரதத்தை முடக்கும் மருந்துகள் சிலவற்றால் இருதயம் பாதிக்கப்பட்டது. அந்தக் காவலன் இருதயத்துக்கும் காவலனாக இருப்பதே காரணம். ஆராய்ச்சி தொடர்கிறது.

மலைக் காட்டில் இருந்த மருந்து

அணுக்களுக்குப் பெயர் சூட்டு விழா நடந்த அதே 1972-ம் ஆண்டில், இந்தியாவிலும் ஒரு சம்பவம் நடந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து புகழ் பெற்றவர் டி. ஆர். கோவிந்தாச்சாரி. பிறகு பம்பாயில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைவர் ஆனார். அவரும் விசுவநாதன் என்ற விஞ்ஞானியும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறு மரத்தை ஆராய்ந்தார்கள். "நாற்றம் அடிப்பது" என்ற பொருள் வரும்படி அதற்கு லத்தீனில் பெயர்! அந்த மரத்தில் காம்ப்டோதெசின் என்ற பொருள் நிறைய இருப்பதை அவர்கள் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு, 1966-ம் ஆண்டில் அமெரிக்காவில் மன்றோ வால் என்பவரும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானியும் ஒரு சீன மரத்தில் இதைக் கண்டுபிடித்து இருந்தார்கள்.

இந்தப் பொருள் அணுவின் மரபு நூலை அறுந்து போகச் செய்கிறது. நூல் அறுந்தால் சாவுக் கட்சிக்குச் சேதி போகும். அணு மடியும். காம்ப்டோதெசின் வழியில் உருவான மருந்தை, நோய் அணுவைத் தேடிப் போய் ஒட்டும் ஒரு புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்பும் சிகிச்சை இப்போது வந்து இருக்கிறது. பரவிய மார்பகப் புற்று நோய்க்கு இப்படிப்பட்ட இரண்டு மருந்துகளுக்கு 2019, 2020-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலைதான் மிக அதிகம்.

வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியும் இந்த வரிசையில் வரும். கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் 1958-ம் ஆண்டில் அதன் இலையில் இருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். அதன் வழி வந்த வினோரெல்பின், பரவிய மார்பகப் புற்று நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

உடனே தோட்டத்துக்குப் போய் இலையைப் பறித்து மென்று விடாதீர்கள்! அதில் மருந்தும் உண்டு, விஷமும் உண்டு. மில்லி கிராம் கணக்கில் அளந்து கொடுக்க வேண்டியது அது.

அருவியில் குளித்தால் தீருமா?

குற்றாலச் சாரல் அடித்தால் மனம் குளிரும். பேரருவியில் தலையைக் கொடுத்தால் அலுப்பு எல்லாம் பறந்து போகும். மூலிகைகளைத் தொட்டு வரும் தண்ணீர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சந்தோஷத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அருவித் தண்ணீர் தோலுக்கு மேலே ஓடுகிறது. அணுவுக்குள் நடக்கும் பஞ்சாயத்தில் அது தலையிட முடியாது.

பழக் கடைகளில் மங்குஸ்தானும், ரம்புட்டானும், முள் சீத்தாவும் குவிந்து கிடக்கும். இவற்றைச் சாப்பிட்டால் புற்று நோய் போய் விடும் என்று சொல்பவர்கள் உண்டு. கண்ணாடிக் குப்பியில் வளர்த்த புற்று நோய் அணுக்கள், சில பழச் சத்துக்கள் பட்டதும் செத்தது உண்மை. குப்பியில் நடப்பது வேறு. மனிதனின் உடம்பில் நடப்பது வேறு. பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள். மருந்தாக நம்பி மாதங்களை வீணாக்காதீர்கள்.

"வலி இல்லையே, மதினி!"

மாதங்கள் வீணாவதுதான் இந்த நோயில் பெரிய கொடுமை.

தென்காசி வட்டாரத்தில் ஏராளமான பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டு. காலை முதல் இரவு வரை குனிந்த தலை நிமிராத வேலை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய் விடும். மார்பில் பட்டாணி அளவு ஒரு கட்டி தட்டுப்பட்டால், வீட்டில் ஆண்களிடம் சொல்ல வெட்கம். பக்கத்து வீட்டு மதினியிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்வார்கள்.

"வலிக்கிறதா?"

"வலி இல்லை, மதினி."

"அப்படி என்றால் பயம் இல்லை. பால் கட்டியாக இருக்கும்."

வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சு இது. உண்மை என்ன? மார்பகப் புற்றுக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது! வலி வரட்டும் என்று காத்து இருந்தால், அதற்குள் விதைகள் ஆற்றில் இறங்கி விடும்.

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது என்று சர்வதேசப் புற்று நோய்க் கணக்கு சொல்கிறது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

கத்தி பட்டால் பரவுமா?

"ஊசி குத்திச் சோதித்தால் நோய் பரவி விடும். கத்தி பட்டால் உடம்பு எல்லாம் ஓடி விடும்" என்று பலர் பயப்படுகிறார்கள்.

நோயைப் பரப்புவது கத்தி அல்ல. சாக மறுக்கும் குணம்தான் நோயைப் பரப்புகிறது. ஊசியோடு இடம் பெயரும் ஒன்றிரண்டு அணுக்களும் பெரும்பாலும் வீடு இழந்து மடிந்து விடும். ஊசிச் சோதனையால் ஆயுள் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சோதனை செய்தால்தான் கட்டி எந்த வகை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியும்.

இது தொற்று நோயும் அல்ல. நோயாளியின் தட்டில் சாப்பிட்டால் வராது. தாய் அணைத்தால் பிள்ளைக்கு வராது.

அடையாறில் எழுந்த குடிசை

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்று நோயால் இறந்தார். அந்தத் துயரத்தில் பிறந்த லட்சியம்தான் சென்னை அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரி. 1952-ம் ஆண்டு அதற்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டில் 12 படுக்கைகளோடு குடிசையில் அது தொடங்கியது. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ம் ஆண்டில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 2021-ம் ஆண்டு ஜனவரியில் மறையும் வரை, ஆஸ்பத்திரியையே வீடாக நினைத்து வாழ்ந்தார் டாக்டர் சாந்தா.

இப்போது தென்காசிப் பெண்கள் எடுத்த எடுப்பில் சென்னைக்கு ஓட வேண்டியது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் புற்று நோய்ப் பிரிவு இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் 1981-ம் ஆண்டில் தொடங்கிய புற்று நோய் மையம் இருக்கிறது. முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்களுக்குச் சிகிச்சைச் செலவில் உதவி கிடைக்கும்.

கையே கருவி!

பெரிய மெஷின் இருந்தால்தான் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்பது இல்லை. பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1998-ம் ஆண்டில் ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 1½ லட்சம் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் ஊழியர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையாலேயே சோதித்தார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2021-ல் முடிவு வெளியானது. சோதனை செய்துகொண்ட பெண்களுக்கு நோய் முன்னதாகவே தெரிந்தது. 50 வயதைத் தாண்டிய பெண்களில், இந்த நோயால் ஏற்பட்ட சாவு கிட்டத்தட்ட 100-க்கு 30 வீதம் குறைந்து இருந்தது!

எதைக் கவனிக்க வேண்டும்?

மார்பிலோ அக்குளிலோ கட்டி. தோலில் குழி விழுதல் அல்லது ஆரஞ்சுப் பழத் தோல் போல் ஆகுதல். காம்பு உள்ளே இழுத்தல். காம்பில் ரத்தமோ நீரோ கசிதல். ஒரு மார்பகத்தின் அளவோ வடிவமோ மாறுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

கட்டி என்றதும் நடுங்க வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்று நோய் அல்ல. அது எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். மதினி அல்ல.

சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவைச் சிகிச்சை முடிந்து, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஹார்மோன் மாத்திரையைப் பாதியில் நிறுத்தி விடுகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரையை 5 ஆண்டுகள், சிலர் 10 ஆண்டுகள் வரை சாப்பிட வேண்டி இருக்கும். நன்றாக இருக்கும் உடம்பிலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு விதை தூங்கிக் கொண்டு இருக்கலாம். அதை முளைக்க விடாமல் தடுப்பது அந்த மாத்திரைதான்.

ஆண்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மனைவியோ, தாயோ, அக்காளோ, தங்கையோ வெட்கப்பட்டு மறைத்தால், அந்த வெட்கத்தைப் போக்க வேண்டியது நீங்கள்தான். ஒரு நாள் கூலி போகட்டும். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக் கொண்டு போங்கள். அந்த ஒரு நாள்தான் ஓர் உயிரின் விலை!